தன்னார்வப் பணியில் சேரும் முன் அன்றாட வேலை என்னவென்று கேளுங்கள்

பிராணிகள் மேல் பிரியம் என்று காப்பகத்தில் சேர்பவர்கள் பலர் சில வாரங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலான நேரம் கூண்டு கழுவுவதிலும், விரிப்புகளைத் துவைப்பதிலும், மருந்துப் பதிவேடு எழுதுவதிலும் போய்விடும். குட்டிகளைக் கொஞ்சக் கிடைக்கும் நேரம் சொற்பம். நோக்கம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அன்றாட வேலை பிடிக்காவிட்டால் நிலைக்க முடியாது. அதனால் தேடலை வேலையிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்று எழுதி, அதைப் பாதியாக்குங்கள். மீதியைப் பயணமும் கூட்டங்களும் எடுத்துக்கொள்ளும். அடுத்து, களைத்திருக்கும் நாளிலும் உங்களால் செய்ய முடிந்த வேலை எது என்று பாருங்கள்: பேசுவதா, எழுதுவதா, கணக்கா, உடலுழைப்பா? கடைசியாக, இதில் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்? இதை எழுதப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். வேறு துறைக்கு மாற அனுபவம் வேண்டும் என்றால், துண்டறிக்கை கொடுக்கும் பணியில் ஆறு மாதம் இருந்தாலும் அது கிடைக்காது.

ஓர் அமைப்பில் சேரும் முன் இணையவழியில் வெள்ளோட்டம் பார்ப்பது நல்லது. ஆய்வாளர்களுக்குப் பொதுமக்கள் உதவும் ஜூனிவர்ஸ் (Zooniverse) தளத்தில் கணக்கு இல்லாமலே காட்டு விலங்குப் படங்களை வகைப்படுத்தலாம், பழைய கையெழுத்து ஆவணங்களைத் தட்டச்சு செய்யலாம். ஒரே மாதிரியான வேலையில் பொறுமை நிற்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு வரைபடம் தயாரிக்கும் ஹியூமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம் நடத்தும் பணிகளில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் சாலைகளையும் வரைய வேண்டும். புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை, கூரையின் மேல் கோடு போட்டு அப்படியே விட்டுவிடுவது. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் கூரை விலகித் தெரியும். வரைந்த வடிவத்தைச் சுவரின் அடிப்பகுதிக்கு நகர்த்தி, விசைப்பலகையில் கியூ (Q) விசையை அழுத்தி மூலைகளைச் செங்கோணமாக்க வேண்டும். இந்த நுணுக்கம் பிடித்துப்போனால், தரவு சார்ந்த பணிகள் உங்களுக்கு ஒத்துவரும் என்று துணிந்து சொல்லலாம். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையப் பிரிவில் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆய்வு என்று திறன்வாரியாகப் பணிகள் இருக்கும். அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

பிடித்த வேலை தெரிந்ததும் மூன்று, நான்கு அமைப்புகளுக்கு எழுதுங்கள். "எந்த உதவியும் செய்யத் தயார்" என்று எழுதினால் பதில் வருவது அரிது, ஏனென்றால் உங்களுக்கு வேலை யோசித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுகிறது. "சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம், கணக்குப் பதிவு செய்ய முடியும்" என்று எழுதினால் படிப்பவர் உடனே முடிவெடுக்கலாம். சிறிய அமைப்புகளில் அஞ்சல் பார்க்கவே ஆளிருக்காது. பத்து நாள் பொறுத்து மறுபடி எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

நேரில் பேசும்போது, இதே பணியில் முன்பு இருந்தவர் ஒரு வாரத்தில் என்னென்ன செய்தார், ஏன் விலகினார் என்று கேளுங்கள். பயிற்சி தருபவர் யார், பயணச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

குழந்தைகளோடு வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. பின்னணி விசாரிக்காமல் முதல் நாளே குழந்தைகளோடு தனியே விடும் இடம் அவர்களின் பாதுகாப்பைப் பொருட்படுத்தவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் தங்கவைக்கும் திட்டங்களை அறவே தவிர்க்கச் சொல்வேன். ஒட்டிப் பழகியவர்கள் அடுத்தடுத்துப் பிரிந்து போவது அந்தப் பிள்ளைகளுக்குக் காயம். பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளையே இந்த வருமானத்துக்காக இல்லத்தில் வைத்திருப்பதும் உண்டு.

சேரும்போது ஆறு முதல் எட்டு வாரம் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் மனத்தாங்கல் இல்லாமல் விலகலாம், பிடித்தால் நீட்டிக்கலாம். சான்றிதழ் தேவைப்படுபவர்கள் தேதி, மணி நேரம், செய்த வேலை மூன்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள். ஒருங்கிணைப்பாளர் மாறிவிட்டால் நீங்கள் செய்ததைச் சொல்ல அங்கே ஆளிருக்காது. அவர் பொறுப்பில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.