மிலிட்டரித் தாத்தாவின் விமானப் படங்களும் ஸ்டூடியோவில் காணாமல் போன எண்ணும்

வீட்டில் பழைய விமானப் படங்கள் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோவில் ஸ்கேன் எடுக்கக் கொடுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்து வாங்கி வாருங்கள். கொடுத்துவிட்டு வராதீர்கள்.

எங்கள் சின்னத் தாத்தா விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர். ஊரில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, மிலிட்டரித் தாத்தா என்றால்தான் தெரியும். அவர் போன பிறகு ஆல்பம் அத்தையிடம் இருந்தது. கறுப்புத் தாள், நடுவே பட்டர் பேப்பர், மூலைகளில் ஒட்டுத்துண்டு வைத்த பழைய ஆல்பம். அதிலுள்ள விமானங்கள் என்னென்ன, எங்கே, எந்த வருஷம் எடுத்தவை என்று எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

“இருக்கிறபடியே வேண்டும், எதையும் தொட வேண்டாம்” என்று கவரின் மேலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்த படங்கள் பளபளவென்று இருந்தன. கறை இல்லை, கீறல் இல்லை. கூடவே விமானங்களின் வால் பக்கம் இருந்த எண்களும் இல்லை. “அழுக்கு மாதிரி இருந்துச்சு சார், எடுத்துட்டோம்” என்றார் கடைக்காரர். இதுகூடப் பரவாயில்லை, அசல் படம் இருக்கிறது, மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சுருளாமல் இருக்கட்டும் என்று சில படங்களை அட்டையில் பசை போட்டு ஒட்டியும் வைத்திருந்தார்கள். பின்பக்கம் தாத்தா எழுதியிருந்தது அதோடு போயிற்று. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

டக்கோட்டா, வாம்பயர் விமானங்கள் எல்லாம் பார்த்தவுடனே தெரிந்துவிட்டன. ஒரே ஒரு படம்தான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. நான்கு எஞ்சின், இரட்டை வால் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானம். முன்னால் வரிசையாக நிற்கும் ஆட்களில் தாத்தாவும் ஒருவர். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை விமானம் என்பது வீட்டில் சொல்லி வந்த கதை. போனில் படத்தைக் காட்டித் தேடினால் லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் என்று வந்தது.

இரண்டும் சரியில்லை. லங்காஸ்டர் பின்சக்கரத்தில் உட்காரும், மூக்கு வானத்தைப் பார்க்கும். இந்தப் படத்தில் மூக்குக்கு அடியில் சக்கரம் இருக்கிறது, உடம்பு தரைக்கு மட்டமாக நிற்கிறது, இறக்கை உடம்பின் மேல்பக்கத்தில் இருக்கிறது. இது லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். தவிர, இந்திய விமானப்படையில் லங்காஸ்டர் இருந்ததே இல்லை.

சரி, எந்தக் காலத்து லிபரேட்டர்? இங்கேதான் கறுப்பு வெள்ளைப் படம் ஆளை ஏமாற்றும். எந்த நாட்டு விமானம் என்று காட்ட அதன் உடம்பில் வட்டச் சின்னம் வரைந்திருப்பார்கள். பிரிட்டிஷ் சின்னத்தில் வெளியே நீலம், நடுவே சிவப்பு. 1950க்குப் பிந்தைய நம் சின்னத்தில் வெளியே காவி, நடுவே பச்சை. கறுப்பு வெள்ளையில் இரண்டுமே வெளியே கறுப்பு, இடையில் வெள்ளை, நடுவில் கறுப்பு என்றுதான் தெரியும். ஆனால் ஒரு பிடி உண்டு. ஜப்பான்காரரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியா, பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். அவற்றின் நடுப்பகுதி வெளிறித்தான் தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் நம் விமானங்களில் அசோகச் சக்கரம் இருந்தது. தாத்தா படத்தில் நடுவட்டம் நல்ல கறுப்பு, ஆரக்கால் எதுவும் இல்லை. அப்படியானால் 1950க்குப் பிறகு எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அசல் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ஒருவர் தலைக்குப் பக்கத்தில் ‘ஹெச்’, ‘ஈ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. மீதி எண்ணை அவர் தலை மறைத்துவிட்டது. அந்த இரண்டு எழுத்தே போதும். நம் விமானப்படையில் ஒவ்வொரு ரகத்துக்கும் தனி எழுத்து உண்டு: லிபரேட்டருக்கு ஹெச்.ஈ., டக்கோட்டாவுக்கு ஹெச்.ஜே., கான்பெராவுக்கு ஐ.எஃப்., ஹன்டருக்கு பி.ஏ. ஸ்டூடியோவில் அழுக்கு என்று துடைத்தது இதைத்தான்.

இந்த விமானங்களின் கதையே தனி. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் இவற்றைக் கான்பூரில் வேண்டுமென்றே சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் குவியலிலிருந்து தேறியவற்றைப் பெங்களூர் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை சீராக்கிக் கொடுக்க, 1948இல் விமானப்படையின் 5ஆம் ஸ்க்வாட்ரன் என்ற பிரிவு அவற்றோடு தொடங்கியது. 1968 வரை லிபரேட்டர் நம்மிடம் பறந்தது. இங்கிலாந்தின் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் லிபரேட்டர் நாம் கொடுத்ததுதான். அதைப் பறக்க வைத்த கைகளில் எங்கள் தாத்தாவின் கையும் ஒன்று என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வருஷத்தை உறுதி செய்ய அவருடைய சர்வீஸ் விவரம் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். “நீங்க அவருக்கு யாரு?” “அண்ணன் பேரன்.” “நேர் வாரிசு வரணும், வாரிசுச் சான்று வேணும், சர்வீஸ் நம்பர் வேணும்.” நம்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே டீக்கடையில் நின்ற ஒரு முன்னாள் படைவீரர்தான் வழி சொன்னார்: “பென்ஷன் பேப்பர்ல இருக்கும் தம்பி, டிஸ்சார்ஜ் புக்கையும் தேடுங்க.” இரண்டுமே அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஒரு மஞ்சப்பைக்குள் இருந்தன. டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது படையிலிருந்து விலகும்போது தரும் பணி விவரப் புத்தகம், கிடைத்த பிறகு அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

படத்தில் தாத்தா கையில் இரண்டு பட்டை, அதாவது கார்ப்பொரல். மூன்று பட்டை என்றால் சார்ஜென்ட். புத்தகத்தில் பதவி உயர்வுத் தேதிகள் இருந்ததால் படம் எந்த இடைவெளியில் விழுகிறது என்று தெரிந்தது. இதே வழியில் மற்ற படங்களையும் வரிசைப்படுத்திவிட்டேன்.

அப்புறம்தான் அத்தை ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் தாத்தா கடிதத்தோடு இன்னொரு பிரதியைத் தன் தங்கைக்கும் அனுப்புவாராம். அந்தப் பாட்டி வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் அதே லிபரேட்டர் படம் இருந்தது. பின்பக்கத்தில் பென்சிலில் ‘பூனா, 1957’. லிபரேட்டர் வைத்திருந்த 6ஆம் ஸ்க்வாட்ரன் அப்போது பூனாவில்தான் இருந்தது. அட்டையில் ஒட்டிப் போன எழுத்து வேறொரு வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. ஆகவே சொந்தக்காரர் வீடுகளிலும் கேளுங்கள்.

ஸ்கேன் எடுத்தால் 600 டி.பி.ஐ.க்குக் (ஸ்கேனின் நுணுக்க அளவு) குறையாமல், வெள்ளை ஓரத்தோடு, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். அட்டையில் ஒட்டிய படத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாகப் போனால் படம் சுருங்கி, வாலில் இருக்கும் எண் முதலில் காணாமல் போகும்.