சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம்: சம்மிட் கவுண்டியில் இன்சூரன்ஸ் எடுத்த அனுபவம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சம்மிட் கவுண்டியில், ஃப்ரிஸ்கோ ஊரில் இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். 2023 அக்டோபர் கடைசியோடு என் கம்பெனி வேலை முடிந்தது, நவம்பரிலிருந்து காண்ட்ராக்ட் வேலை. சம்பளம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் குடும்பத்துக்கே இருந்த மருத்துவ இன்சூரன்ஸ் போய்விட்டது. மனைவி பார்ப்பது பகுதி நேர வேலை, அதில் இன்சூரன்ஸ் கிடையாது. அவளுக்குப் பதினாறு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். தினமும் இன்சுலின், கையில் எப்போதும் குளுக்கோஸ் சென்சார். அதனால் "கொஞ்ச நாள் இன்சூரன்ஸ் இல்லாமல் சமாளிக்கலாம்" என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை.

மலைப் பக்கம், சுற்றுலா ஊர்களில் தனியாக இன்சூரன்ஸ் தேடும் தமிழர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ரிசார்ட் வேலைக்கோ ரிமோட் வேலைக்கோ இப்படி ஒரு இடத்துக்கு வந்து சேரும் ஒருவருக்காவது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. பிரெக்கென்ரிட்ஜ், கீஸ்டோன், காப்பர் மவுண்டன், அரப்பாஹோ பேசின் என நான்கு பனிச்சறுக்கு மலைகள் இங்கே இருக்கின்றன. வார இறுதியில் கூட்டம் அலைமோதும். ஆனால் நிரந்தரமாக வாழ்பவர்கள் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 31,000 பேர்தான். ஃப்ரிஸ்கோவில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. எலும்பு முறிவுக்கு நல்ல டாக்டர்கள் உண்டு, பனிச்சறுக்கு ஊர் என்பதால் அதற்குக் குறைவில்லை. மற்ற பல ஸ்பெஷலிஸ்டுகளுக்கு ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைத் தாண்டி டென்வர் பக்கம் போக வேண்டும். சுமார் 70 மைல். நல்ல நாளில் ஒன்றரை மணி நேரம், பனி கொட்டினால் சாலையையே மூடிவிடுவார்கள்.

மக்கள் குறைவு, ஆஸ்பத்திரி குறைவு, இன்சூரன்ஸ் கம்பெனிகளும் குறைவு. 2014-ல் ஒபாமாகேர் என்று சொல்லும் புதிய சட்டப்படி, தனியாக இன்சூரன்ஸ் வாங்குவதற்கான சந்தை திறந்தபோது சம்மிட், ஈகிள், பிட்கின், கார்ஃபீல்ட் ஆகிய இந்த நான்கு கவுண்டிகளில்தான் நாட்டிலேயே அதிக விலை. திட்டங்களை பிரான்ஸ் (Bronze, வெண்கலம்), சில்வர், கோல்டு என்று தரம் பிரிப்பார்கள்; பிரான்ஸில் மாதக் கட்டணம் குறைவு, சிகிச்சையின்போது கைக்காசு அதிகம், கோல்டில் அது தலைகீழ். 40 வயதுக்காரருக்கு மிகக் குறைந்த சில்வர் திட்டமே மாதம் 483 டாலர். அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியது. ஊர் மக்களும் வேலை கொடுப்பவர்களும் சேர்ந்து பீக் ஹெல்த் அலையன்ஸ் என்ற அமைப்பை உருவாக்கி ஆஸ்பத்திரியோடு நேரடியாக விலை பேசினார்கள், பெரிய பில்களில் ஒரு பங்கை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஈடுகட்டும் மாநில அரசின் மறுகாப்பீட்டுத் திட்டமும் 2020-ல் வந்தது. நாங்கள் தேடியபோது ஓரளவு தாங்க முடிந்தது என்றால் அதற்குக் காரணம் இந்த முயற்சிகள்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

பழைய கம்பெனியிலிருந்து கோப்ரா கடிதம் வந்தது. அதே இன்சூரன்ஸைத் தொடரலாம், ஆனால் கம்பெனியின் பங்கையும் சேர்த்து 102 சதவீதம் நாமே கட்ட வேண்டும். எங்களுக்கு மாதம் 2,100 டாலருக்கு மேல் வந்தது. கடிதத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை: முடிவெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஏதாவது நடந்தால் அப்போது கையெழுத்துப் போட்டு, பழைய தேதியிலிருந்தே பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். வேலை போனதைக் காட்டி நவம்பரிலேயே புதுத் திட்டத்தில் சேரவும் வழி இருந்தது. ஆனால் அப்படிச் சேர்ந்தால் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பங்கு தர ஆரம்பிக்கும் முன் நாம் கைக்காசாகக் கட்டும் தொகை, ஜனவரியில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், இரண்டு மாதத்துக்காக ஒரு தடவை, புது வருடத்துக்கு ஒரு தடவை என்று கட்ட வேண்டியிருக்கும். அதனால் அக்டோபரிலேயே இன்சுலினும் சென்சாரும் மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துவிட்டு, கோப்ரா கடிதத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு, ஜனவரி 1 முதல் தொடங்கும் திட்டத்தைத் தேட ஆரம்பித்தோம். அந்த இரண்டு மாதமும் மகள் பனியில் சறுக்கும்போதெல்லாம் எனக்குப் பக் பக்கென்று இருந்தது உண்மை.

நான் செய்த முதல் தவறு, கூகுளில் தேடி ஏதோ ஒரு ஒப்பீட்டுத் தளத்தில் போன் நம்பரைக் கொடுத்தது. இரண்டு நாளில் நாற்பது அழைப்பாவது வந்திருக்கும். ஒருவர் மாதம் 390 டாலருக்குக் குடும்பம் முழுவதற்கும் என்றார். மனைவியின் சர்க்கரை நோயைச் சொன்னதும் பேச்சை மாற்றினார். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் அது இன்சூரன்ஸே இல்லை, உறுப்பினர்கள் ஒருவர் செலவை ஒருவர் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் வராது என்று தெரிந்தது. டென்வரை ஒட்டிய அரோராவில் இருக்கும் நண்பர் போனில் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, கனெக்ட் ஃபார் ஹெல்த் கொலராடோல பாத்தீங்களா, வேற எங்கயாவது நம்பர் குடுத்துட்டீங்களா?" என்பதுதான். கொலராடோவின் அதிகாரபூர்வ சந்தை அது. அங்கே விற்கும் எந்தத் திட்டமும் நோயைக் காரணம் காட்டி மறுக்கவோ விலையைக் கூட்டவோ முடியாது. அரசு மானியமும் அதன் வழியாக வாங்கினால்தான்.

அங்கே கவுண்டியையும் வயதையும் வருமானத்தையும் போட்டால் பட்டியல் வரும். கவுண்டி மாறினால் பட்டியலே மாறும், டென்வர் நண்பருக்குக் கிடைத்த திட்டம் எனக்குக் கண்ணிலேயே படவில்லை. வருமானம் என்பது வரப்போகும் வருடத்துக்கான மதிப்பீடு. காண்ட்ராக்ட் வேலையில் அதைச் சொல்வது கஷ்டம். நான் 1,10,000 டாலர் என்று போட்டேன். 2021-க்கு முன்பு வறுமைக் கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு டாலர் மானியம் கிடையாது. நாங்கள் எடுத்தபோது அந்த வரம்பு இல்லை, அரசு கணக்குக்கு அடிப்படையாக எடுக்கும் சில்வர் திட்டத்தின் பிரீமியம் நம் வருமானத்தில் 8.5 சதவீதத்தைத் தாண்டினால் மீதியை அரசு தந்தது. இந்த ஏற்பாடு 2025 முடிவு வரைதான் என்று சட்டத்திலேயே இருந்தது. அதிகமாகச் சம்பாதித்துவிட்டால் வரி கட்டும்போது மானியத்தைத் திருப்பித் தர வேண்டும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன்.

மானியம் போக பிரான்ஸ் திட்டம் மாதம் 450 டாலர் அளவில், கோல்டு 860 அளவில் வந்தது. நான் பிரான்ஸ் பக்கமே சாய்ந்தேன். "விலைய அப்புறம் பாக்கலாம், முதல்ல என் டாக்டர் இருக்காங்களான்னு பாருங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதுதான் சரி, எல்லாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவளுடைய எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது சர்க்கரை நோயைப் பார்க்கும் ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட், டென்வரில் இருக்கிறார். ஒரு கம்பெனியின் இணையப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, நிம்மதியாகி அதையே எடுக்க இருந்தோம். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கிளினிக்குக்குப் போன் போட்டேன். "அந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுப்பீர்களா?" என்று கேட்டால் எடுப்போம் என்றார்கள். திட்டத்தின் முழுப் பெயரையும் நெட்வொர்க்கின் (அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளின் கூட்டம்) பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்ன பிறகு இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த நெட்வொர்க்கில் நாங்கள் இல்லை என்றார்கள். ஒரே கம்பெனிக்குள் மூன்று நான்கு நெட்வொர்க் இருக்கும். இங்கே விற்பவை பெரும்பாலும் வெளி டாக்டருக்கு ஒரு காசும் தராத வகை, அவசர சிகிச்சை மட்டும் விதிவிலக்கு. அந்த ஒரு போன் பண்ணாமல் விட்டிருந்தால் வருடம் முழுக்க மாட்டியிருப்போம். அதன் பிறகு ஃப்ரிஸ்கோ ஆஸ்பத்திரி, மகளின் டாக்டர், லேப், மருந்துக்கடை என்று எல்லோருக்கும் போன் போட்டு, 2024 ஜனவரி 1-ல் இந்த நெட்வொர்க்கில் இருப்பீர்களா என்று கேட்டு, பேசியவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதினேன்.

சென்சார் விஷயத்திலும் இப்படித்தான். ஒரு திட்டம் அதை மருந்துக்கடையில் மருந்தாக, கோபே (ஒவ்வொரு தடவையும் நாம் தரும் நிர்ணயித்த தொகை) கொடுத்து வாங்க விடும். இன்னொன்று மருத்துவக் கருவியாகக் கணக்கிட்டு, டிடக்டிபிள் முடிந்த பிறகுதான் பங்கு தரும். பட்டியலின் முதல் பக்கத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, மருந்துப் பட்டியலைத் திறந்து தேட வேண்டும். இன்சுலினுக்கு கொலராடோவில் மாதம் 100 டாலர் உச்சவரம்பு இருப்பது பெரிய ஆறுதல்.

சில்வரை ஏன் விட்டோம் என்றால், அதில் டிடக்டிபிளும் கோபேயும் குறையும் கூடுதல் சலுகை வறுமைக் கோட்டின் 250 சதவீதத்துக்குள் வருமானம் இருப்பவர்களுக்கு மட்டும். அந்த வரம்புக்குள் வருபவர்கள் கட்டாயம் சில்வரைப் பாருங்கள். எங்களுக்கு அது இல்லை.

ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பற்றி இங்கே எல்லோரும் பயப்படுவார்கள். 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த மத்திய சட்டப்படி, நெட்வொர்க்கில் இல்லாத ஹெலிகாப்டர் கம்பெனி மீதித் தொகையை நம் தலையில் கட்ட முடியாது. ஆனால் சாலையில் போகும் ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் இல்லை. பனிப்புயலில் ஹெலிகாப்டர் பறக்காது என்பதால் இதைத் திட்டத்தின் விவரப் பக்கத்தில் தேடிப் படித்தோம்.

கடைசிக் கணக்கை ஊரில் இருக்கும் ஒரு புரோக்கர் அம்மாவோடு உட்கார்ந்து போட்டோம். அவருக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை, கம்பெனிகள் கமிஷன் தருகின்றன. பிரான்ஸில் மனைவிக்கு மட்டும் டிடக்டிபிள் 7,500 டாலர், அவள் வருடச் செலவு அதை நெருங்கிவிடும். கோல்டுக்கு அதிகம் கட்டும் பிரீமியம் வருடத்துக்கு 4,900 அளவு. டாக்டரும் சென்சாரும் கோபேயிலேயே முடிவதால் கோல்டுதான் எங்களுக்குக் குறைவு. இருந்ததில் விலை குறைந்த கோல்டில் எண்டோகிரைனாலஜிஸ்ட் இல்லை, அடுத்ததில் இருந்தார். அதையே எடுத்தோம். புரோக்கர் அம்மா இன்னொன்றும் சொன்னார்: 2022 முடிவில் ஒரு கம்பெனியும் 2023 ஆகஸ்டில் இன்னொன்றும் மாநிலத்தில் கடையை மூடியதால், நடு வருடத்தில் திட்டம் மாற நேர்ந்தவர்கள் உண்டு. அதனால் விலையை மட்டும் பார்த்துப் புதுக் கம்பெனிக்கு ஓட வேண்டாம் என்றார். டிசம்பர் 15-க்குள் சேர்ந்தால்தான் ஜனவரி 1-ல் தொடங்கும், நாங்கள் 11-ம் தேதி முடித்தோம். முதல் மாத பிரீமியத்தைக் கட்டினால்தான் திட்டம் உயிர்பெறும், அதை அன்றைக்கே கட்டினேன்.

பிப்ரவரியில் டென்வர் டாக்டரிடம் போனோம். காலையில் சுரங்கப்பாதைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றோம், கிளினிக்கில் கோபே மட்டும் வாங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த விவரத்தாளில் நாங்கள் தர வேண்டிய மீதி பூஜ்யம் என்று இருந்தது. அந்தத் தாளை நோட்டுக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.