மூன்று பேரின் ரத்தமும் பன்னிரண்டு வீடியோக்களும்

எனக்கு ரப்பர் பால்வெட்டுதான் தொழில். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது அவனுக்கு மூன்று வயது, இப்போது ஏழு ஆகப் போகிறது. இடையில் ஆட்டிசம் பற்றிய ஒரு கூட்டு ஆராய்ச்சியில் குடும்பமாகச் சேர்ந்தோம். அதில் சேரலாமா என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டரை வயதில் அவன் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக அடுக்குவான். பால் பிடிக்கிற பழைய சிரட்டை வீட்டில் முப்பது கிடந்தது. வாசல் நடையிலிருந்து கிணறு வரைக்கும் ஒரே இடைவெளி விட்டு வைப்பான். ஒன்றை நகர்த்தினால் அரை மணி நேரம் அழுவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். "ஆம்பிளப் பிள்ளைக்கு பேச்சு பிந்தித்தான் வரும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் ஆறு மாதத்தை விட்டுவிட்டோம். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுதான் கவனித்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தார்கள். கேட்டது. அப்புறம் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல். அதில் 40 கேள்விகள், மதிப்பெண் 70ஐத் தொட்டால் ஆட்டிசம். இவனுக்கு 118, நடுத்தர நிலை என்றார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் இதுதான் கணக்கு, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னது பேச்சுப் பயிற்சி தரும் அக்காதான். வேறு வேறு மாநிலங்களில் உள்ள சில மருத்துவமனைகளும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகிறார்கள், எல்லா இடத்திலும் ஒரே கேள்வித்தாள், ஒரே பரிசோதனை, ஒரே மாதிரி வீடியோ என்றார். எங்களுக்குப் பக்கமாக இருந்த மையம் திருவனந்தபுரத்தில். குழித்துறையில் ரயில் ஏறினால் போய்விடலாம், ஆனால் போகிற நாளெல்லாம் பால்வெட்டு போகும்.

வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைக்க ரத்தத்த எடுத்து அவியளுக்கு என்ன ஆவணும் மக்களே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். "ஒத்த மரத்துப் பால வெச்சு ஷீட் அடிக்க முடியுமாம்மா? பத்து மரத்துப் பால ஊத்தினாத்தானே டிஷ் நெறையும்?" என்றேன். மையத்தில் அவர்கள் சொன்னதும் இதைத்தான். ஆட்டிசத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, தனியாக எடுத்தால் எந்த ஒன்றும் ஆட்டிசம் உள்ள நூறு பேரில் ஒருவருக்கு மேல் காரணமாக இருப்பதில்லை. ஒரு ஊர் ஆஸ்பத்திரி தன்னிடம் வரும் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் ஒன்றுமே பிடிபடாது. 2020இல் பல நாட்டு ஆய்வாளர்கள் 35,000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் 102 மரபணுக்களை அடையாளம் காட்ட முடிந்தது.

சம்மதப் படிவம் பதினான்கு பக்கம். முதலில் கொடுத்தது ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் பேசினால் புரியும், வாசிக்க எத்தனை பேருக்கு வரும்? தமிழில் தந்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் இழுத்து, கடைசியில் தந்தார்கள். இதில் யாரும் கூச்சப்படக் கூடாது. நமக்குப் புரிகிற மொழியில் விளக்குவது அவர்கள் கடமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகளில் அது இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதும் இருக்கிறது. நான் கேட்ட மற்ற கேள்விகள்: ரத்தம் வெளிநாட்டுக்குப் போகுமா, எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், பெயர் வெளியே தெரியுமா, தற்செயலாக வேறு நோய் தெரிந்தால் சொல்வார்களா. எல்லாவற்றுக்கும் பக்கத்தைக் காட்டிப் பதில் சொன்னார்கள். ரயில் செலவு தந்தார்கள். ரத்தத்துக்குக் காசு கிடையாது, அப்படித் தந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

குடும்ப மரம் வரைந்த அன்று என் மனைவி அழுதுவிட்டாள். அவள் எனக்கு மாமன் மகள். "சொந்தத்தில் கல்யாணமா?" என்று மரபியல் ஆலோசகர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் மூன்று வருஷமாக வீட்டில் கேட்டதெல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் வந்துவிட்டது. போனைக் கொடுத்தாய், முந்திரி ஆபீசுக்கு வேலைக்குப் போனாய், உன் வீட்டு வழியில் வந்தது என்று எத்தனை பேச்சு! ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். சொந்தத்தில் கல்யாணம் சில மரபு நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டும், அதை மறைக்க மாட்டேன் என்றார். ஆனால் ஆட்டிசத்தில் காணும் மாற்றங்களில் பல, அப்பாவிடமும் அம்மாவிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியவை, அதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று பேர் ரத்தமும் வேண்டும் என்றார். ஒரு காலத்தில் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். 1977இல் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்த பிறகுதான் இது பிறவியோடு வருவது என்ற பக்கம் மருத்துவ உலகம் திரும்பத் தொடங்கியதாம். என் மனைவி அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றாள். அந்த ஒரு நாளுக்காகவே நாங்கள் போனது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரத்தம் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே படங்கள் அனுப்பியிருந்தார்கள்: நாற்காலி, ரப்பர் வளையம், ஊசி, பஞ்சு, வீடு. தினமும் வரிசையாகக் காட்டினோம். அன்றைக்கு மரத்துப்போகும் களிம்பு தடவினார்கள். நான் என் தலைவிளக்கைக் கொண்டு போயிருந்தேன். அதை அவன் தலையில் கட்டி எரியவிட்டதும், சுவரில் விழுந்த வெளிச்ச வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி ஏறும்போது கத்தினான், ஆனால் கையை உதறவில்லை.

அடுத்த கட்டம்தான் கஷ்டமாக இருந்தது. பெற்றோருக்கு வீடியோ பார்த்துப் பயிற்சி தரும் முறை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 152 பிள்ளைகளை வைத்துச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். பிறகு அதை நம்மூருக்குத் தக்கபடி மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் முயன்று 2016இல் முடிவைச் சொன்னார்கள். சிறப்பு மருத்துவர் தேவையில்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியரே செய்யலாம் என்பதுதான் அதில் புதுசு. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது. ஆனால் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் குறைந்தது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான். அதே வழிப் பயிற்சிதான் எங்களுக்கும். யாருக்கு இப்போது, யாருக்குப் பிறகு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எங்களுக்கு விழுந்தது காத்திருக்கும் பக்கம். எட்டு மாதம்!

அந்த எட்டு மாதத்தில்தான் ஸ்டெம் செல் என்கிற குருத்தணுவை ஏற்றினால் பேச்சு வந்துவிடும் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். லட்சக்கணக்கில் செலவு, நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டோம். மையத்துக்குப் போன் செய்து கேட்டதால் தப்பித்தோம். அதை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமே 2022இல் சொல்லிவிட்டது. குலுக்கல் எதற்கு என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. 1998இல் செக்ரெட்டின் என்ற மருந்து மூன்று பிள்ளைகளுக்குப் பலன் தந்ததாகச் செய்தி வந்து பெற்றோர்கள் அலைமோதினார்களாம். மறு வருஷம் 60 பிள்ளைகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஏற்றிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. காத்திருந்த எங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் பயிற்சி பெற்ற பிள்ளையிடம் வந்த மாற்றம் பயிற்சியால்தானா, வயதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் முறை வந்தபோது, பயிற்சி தரும் தங்கச்சி ஒருத்தி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்தாள், மொத்தம் பன்னிரண்டு முறை. நானும் மகனும் விளையாடுவதைப் பத்து நிமிடம் எடுப்பாள், உடனே உட்கார்ந்து பார்ப்போம். முதல் வீடியோவில் என் குரல் மட்டும்தான் கேட்டது. "இது என்ன? மக்களே, இது என்ன? சிரட்டை சொல்லு, சிரட்டை சொல்லு." அவள் ஓரிடத்தில் நிறுத்தி, "அண்ணா, இந்த இடத்தைப் பாருங்க" என்றாள். மகன் ஒரு சிரட்டையைக் கையில் எடுத்து, கவிழ்த்து, என் முழங்காலைப் பார்க்கிறான். பிறகு என் முகத்தை. மூன்று வினாடி இருக்கும். நான் வேறு சிரட்டையைக் காட்டிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அதை நான்கு முறை போட்டுப் பார்த்தேன். அவன் என்னைப் பார்ப்பதே இல்லை என்றுதானே இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

அதற்குப் பிறகு நான் வாயை மூடக் கற்றுக்கொண்டேன். அவன் செய்வதை நானும் செய்வேன், காத்திருப்பேன், அவன் பார்த்தால் மட்டும் ஒரு சொல். ஏழாவது வீடியோவில் அவனே ஒரு சிரட்டையை என் கையில் வைத்து மூடினான். பத்தாவதில் "ட்ட" என்றான். இப்போது பதினைந்து இருபது சொல் இருக்கிறது, படம் காட்டியும் கேட்பான். வரிசை அடுக்குவது நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி நாங்களும் கேட்பதில்லை.

மரபணு முடிவில் எங்களுக்குக் குறிப்பிட்டு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. புதுத் தகவல் சேரும்போது மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.

போன மாதம் இன்னொரு ரத்த மாதிரி வேண்டும் என்று கடிதம் வந்தது. அடுத்த மாதம் மகனுக்கு ஏழு வயது. ஏழு ஆனால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்பது விதி. அதற்காகப் படங்களோடு பச்சையில் 'சரி', சிவப்பில் 'வேண்டாம்' என்று இரண்டு அட்டையும் அனுப்பியிருந்தார்கள். தினமும் சாயா குடித்த பிறகு தரையில் பரப்பிப் பழகுகிறோம். தலைவிளக்குப் படத்தின் மேல் பச்சை அட்டையை வைக்கிறான். ஊசிப் படத்தின் மேல் ஐந்து நாளும் சிவப்பு. அதை அப்படியே மையத்துக்குச் சொன்னோம். ஊசி வேண்டாம், எச்சில் போதும் என்று சிறு குப்பி அனுப்புகிறார்கள்.