பெரியப்பாவின் டைட்டேனியம் பல்

உவர்மலைப் பெரியப்பா டைட்டேனியம் பல் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கப் போகிறார், அதில் கிருமி கொல்லும் பூச்சு கிடைக்குமா என்று கேட்டார். டைட்டேனியம் தாடை எலும்போடு நன்றாகப் பிடிக்கும், சுவீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1965இலேயே ஒருவருக்குப் பொருத்திக் காட்டியதுதான், ஆனால் எலும்பு பிடிக்கட்டும் என்று சொரசொரப்பாக்கிய அதே மேற்பரப்பு பல் முரசுக்கு வெளியே தெரிந்தால் கிருமிகளும் அங்கே படலமாகக் குடியேறிவிடும், அப்புறம் முரசு வீங்கி, சீழ் வைத்து, சுற்றியுள்ள எலும்பே கரையும். அதற்காகத்தான் வெள்ளி நுண்துகள், துத்தநாகம், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி எல்லாம் பூசி ஆராய்கிறார்கள். வெள்ளி கூடினால் எலும்புச் செல்லும் சாகும். மருந்துப் பூச்சோ பெரும்பாலும் சீக்கிரமே கரைந்து தீர்ந்துவிடும், இந்த அழற்சி வருடங்கள் கழித்தும் வரக்கூடியது என்பதால் எனக்கு அதுதான் பெரிய கவலை. பெரியப்பா, முதலில் சுருட்டை விடுங்கோ, பல்லிடுக்குக்கு என்றே விற்கும் சின்ன பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்யுங்கோ, டொக்டரிடம் தவறாமல் காட்டுங்கோ.