கொடுத்தது 0.16.50, வாங்கியது 0.46.00

கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில் எத்தனையோ கோப்புகளில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று மட்டும் இன்னும் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. லஞ்சமோ மிரட்டலோ இல்லாமல், விதிப்படி சுத்தமாக நடந்த கோப்பு அது. அதனால்தானோ என்னவோ.

கோவை மாவட்டத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே இன்னமும் எங்களை ‘மணியகாரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பரம்பரையாக வந்த மணியகாரர், கர்ணம் பதவிகளை 1980லேயே அரசு ஒழித்துவிட்டது. ஊர் வாயில் பேர் மட்டும் ஒழியவில்லை.

ஊரை ஒட்டி ஒரு தனியார் பல்கலைக்கழகம் வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் மேற்கே நிலம் வாங்கினார்கள், அப்புறம் கிழக்கேயும் வாங்கினார்கள். நடுவில் இட்டேரி. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு பக்கமும் கிளுவை வேலி, அதில் பிரண்டையும் கோவைக்கொடியும் பின்னிக் கிடக்கும், நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். வெள்ளாடு மேயும், கௌதாரி குறுக்கே ஓடும். இந்தத் தடம் ஊரிலிருந்து நேராக மெயின்ரோட்டுக்குப் போனது. பஸ் ஸ்டாப், பால் சொசைட்டி, ரேஷன் கடை எல்லாம் அந்த முனையில்தான்.

கிராமத்து நிலக் கணக்கான அ பதிவேட்டில் அது வண்டிப்பாதை புறம்போக்கு. 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி பொதுப் பாதை அரசின் சொத்து. ஒருவர் வேலி போட்டு அடைத்தால் நோட்டீஸ், அப்புறம் அகற்றம். பல்கலைக்கழகத்தார் அடைக்கவில்லை. முறையாக மனுக் கொடுத்தார்கள்: தடத்தை எங்களுக்குக் கொடுங்கள், பதிலுக்கு எங்கள் பட்டா நிலத்தில் மாற்றுப்பாதை தருகிறோம். சொன்ன காரணமும் பொய்யில்லை. விடுதி ஒரு பக்கம், வகுப்பறைகள் மறுபக்கம், நடுவில் டிராக்டரும் பைக்கும் போய்வந்தன.

சர்வேயரும் நானும் அளந்தோம். பழைய தடம் 412.5 மீட்டர் நீளம், சராசரி 4 மீட்டர் அகலம். கணக்கில் 0.16.50 ஹெக்டேர், அதாவது பதினாறரை ஏர்ஸ் (ஒரு ஏர்ஸ் நூறு சதுர மீட்டர்). மாற்றுப்பாதை வளாகத்தின் மூன்று பக்கமும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் சுற்றி வந்தது. 1,150 மீட்டர். அகலம் அதே 4. ஆக 0.46.00.

கோப்பு மேலே போகப் போக எல்லாருக்கும் இந்த இரண்டு எண்ணும் பிடித்துப்போயின. பதினாறரை ஏர்ஸ் கொடுத்து நாற்பத்தாறு ஏர்ஸ் வாங்குகிறோம், அரசுக்கு லாபம். தாசில்தார், ஆர்டிஓ என்கிற வருவாய்க் கோட்டாட்சியர், கலெக்டர் ஆபீஸ், சேப்பாக்கம் எழிலகத்தில் நில நிர்வாக ஆணையர் என்று ஒவ்வொரு படியிலும் அந்த வரி அடிக்கோடு வாங்கிக்கொண்டே போயிற்று. பாதை எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு நிலம் கூடும், அவ்வளவு நடையும் கூடும். நிலத்துக்குத்தான் படிவத்தில் கட்டம் இருந்தது. நடைக்கு இல்லை. மர மதிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. வேம்பு மூன்று, வாகை ஒன்று என்று எழுதினேன். கிளுவை வேலி மரக்கணக்கில் வராது.

நோட்டீஸ் சாவடியிலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டினோம். தமுக்கும் அடித்தோம், காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் ஊரில் யார் இருப்பார்கள்? பாதிப் பேர் மில்லில், பாதிப் பேர் தோட்டங்காட்டில். ஊராட்சித் தீர்மானம் சிரமமில்லாமல் கிடைத்தது. பதினைந்து நாள் கெடுவில் எழுத்து மூலம் ஒரு மனுவும் வரவில்லை.

வாய்மூலம் ஒன்று வந்தது. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற ஒரு பெரியவர் கேனோடு வந்து நின்றார். “ஏனுங்க, விடியக்காலம் ஆறு மணிக்குள்ள பால் ஊத்தோணும். அத்தனை தூரஞ் சுத்தி எப்படீங்க போறது?” என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதத் தெரியாது என்றார். யாரையாவது எழுதச் சொல்லி வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். என் மேஜையில் பேனா இருந்தது. நானே நாலு வரி எழுதி ரேகை வாங்கியிருக்கலாம். அவர் திரும்பி வரவில்லை. ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்று அறிக்கை எழுதினேன். அச்சடித்த வாசகம்தான், கையெழுத்து என்னுடையது.

நடந்து போகிறவர்களுக்காகக் காலையும் மாலையும் கேட்டைத் திறந்துவிடுகிறோம் என்று பல்கலைக்கழகத் தரப்பில் சொன்னார்கள். சொன்னார்கள், எழுதவில்லை. நானும் எழுதிக் கேட்கவில்லை. ஒரு வருடம் போல திறந்துவிட்டார்கள். அப்புறம் வாட்ச்மேன் அடையாள அட்டை கேட்க ஆரம்பித்தார்.

எழுதி வைத்திருந்தால் மட்டும்? ஓய்வு பெற்றபின் மகனோடு தங்க நியூயார்க் போனபோது கொலம்பியா பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனோம். வளாகத்தின் நடுவே போகிற காலேஜ் வாக் ஒரு காலத்தில் 116ஆம் தெரு. பிராட்வேக்கும் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவுக்கும் நடுவிலுள்ள அந்தத் துண்டை 1953இல் நகராட்சி ஆயிரம் டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது, ஜனங்கள் நடந்துபோக வழி வைத்து. பல வருடம் அப்படித்தான் நடந்தார்கள். 2024 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு கேட்டில் அட்டை பார்த்துத்தான் விடுகிறார்கள். அக்கம்பக்கத்தார் வழக்கும் போட்டார்கள். என்னைக் காவலாளி மரியாதையாகத்தான் நிறுத்தினார். எனக்கு எங்கள் ஊர் வாட்ச்மேன் முகம் ஞாபகம் வந்தது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், கோர்ட்டுக்குப் போக அந்த அக்கம்பக்கத்தாரிடம் ஒரு காகிதமாவது இருந்தது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தக் கிராமத்துக்குப் போனேன். மாற்றுப்பாதையில் சுவரோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஒரு மூலையில் விடுதிச் சாக்கடைத் தண்ணீர். அந்தப் பக்கம் யாரும் நடக்கவில்லை. பக்கத்துத் தென்னந்தோப்பு வழியாகக் குறுக்கே ஒரு ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறது. நன்றாகத் தேய்ந்து வெள்ளையாக. கம்பிவேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்தத் தோப்புக்காரர். என்னை அடையாளம் கண்டுகொண்டு, இலையில் பாயசம் விழுவதற்குள் கேட்டுவிட்டார்: “ஏனுங்க மணியகாரரே, அந்தத் தடத்தை அடைக்கோணும்னா யாருக்கு மனுப் போடோணும்?”