4 ஜிபிக்கு மேலே ஏறாத கலியாண வீடியோ

"டிஸ்க் வெறுமையாத்தானே கிடக்குது தம்பி, பிறகேன் பைல் பெரிசெண்டு சொல்லுது?"

இன்று பின்னேரம் கொக்குவில் மாமா லாப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்து கேட்டது. மகளின் கலியாண வீடியோ, 11 ஜிபி, ஒரே பைல். அதை ஏற்றப் பார்த்த டிஸ்க் 1 டிபி.

இடமல்ல பிரச்சினை. டிஸ்க் ஃபேட்32 இல் இருந்தது, அது டிஸ்கில் பைல்களை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறை. அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தொட முடியாது, டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதுதான் கணக்கு. (பழைய வீடியோ பிளேயர்கள் சில அதை மட்டும்தான் வாசிக்கும், அதனால் இன்னும் உயிரோடு இருக்கிறது.)

மிச்சம் இருக்கிற முறைகள் எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்.

எக்ஸ்ஃபேட்டில் விண்டோஸ், மக் இரண்டும் எழுதும். 2019 இல் மைக்ரோசொஃப்ட் அதன் விவரங்களை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜேர்னல், அதாவது செய்யப் போகும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவு, இல்லை. கொப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மற்ற ஃபோல்டர்களும் குழம்பலாம். என்டிஎஃப்எஸ் மாற்றங்களை முதலில் குறித்து வைத்துக்கொள்ளும், பாதியில் நின்ற பைல் போனாலும் மற்றவை பெரும்பாலும் தப்பும்.

எங்கள் ஊர் மாரிகால மின்வெட்டுக்கு நான் என்டிஎஃப்எஸ் பக்கம்தான். மக்கில் அதை வாசிக்கலாம், அப்படியே எழுத முடியாது. சரி, மாமாவிடம் மக் இல்லை.

வாங்கும்போது எத்தனை டிபி, என்ன விலை என்றுதான் எல்லோரும் கேட்கிறோம், எந்தப் பெட்டி இதை வாசிக்கப் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

முறையை மாற்ற டிஸ்கை ஃபோர்மட் பண்ணினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். அதற்கும் முன்னால் ஒரு பென் டிரைவை என்டிஎஃப்எஸ் ஆக்கி, பிளேயர் வாசிக்கிறதா என்று செருகிப் பாருங்கள்.