நூறு மாதம், இருபத்தைந்து தகவல்

சிஎஸ்ஐஆர் நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வு) புவி அறிவியல் முடிவு வந்துவிட்டது. எனக்கு இது மூன்றாவது முயற்சி. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. அம்மா லட்டு வாங்கி வந்துவிட்டார். எனக்குப் பாதிச் சந்தோஷம்தான்.

நான் புள்ளியியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், போன முறை சி பிரிவில் என்னைக் கவிழ்த்தது அதுதான். கேள்வியின் சாரம்தான் நினைவிருக்கிறது, எண்கள் நான் போட்டவை. கடல் மேற்பரப்பு வெப்பநிலை விலகல் (வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு கூட, குறைய), 100 மாதத் தரவு, அடுத்தடுத்த மாதங்களுக்கு இடையே ஒட்டுறவு (ஒன்றையொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) 0.6. சராசரி பூஜ்யத்திலிருந்து உண்மையிலேயே விலகியிருக்கிறதா? 100-ஐ அப்படியே போட்டேன். டி மதிப்பு, அதாவது சராசரியைத் திட்டப்பிழையால் (சராசரியில் இருக்கக்கூடிய தடுமாற்றம்) வகுத்தது, 2.8 வந்தது. சுமார் 2-ஐத் தாண்டினால் விலகல் தற்செயல் அல்ல என்று கொள்வது வழக்கம். ‘ஆம்’ என்று குறித்துவிட்டுப் போய்விட்டேன்.

கடல் சூடேறினால் லேசில் ஆறாது. போன மாதம் சூடு என்றால் இந்த மாதமும் பெரும்பாலும் சூடுதான். நூறு பேரிடம் கேட்டதாக நினைத்துக்கொண்டு, இருபத்தைந்து பேரிடம் நாலு நாலு தடவை கேட்டிருக்கிறோம். உண்மையில் எத்தனை தனித் தகவல் என்று பார்க்க, 1-லிருந்து 0.6-ஐக் கழித்தால் 0.4, 1-உடன் கூட்டினால் 1.6. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கால். ஆக 100 என்பது 25. திட்டப்பிழை இரண்டு மடங்காகும், டி 1.4-க்கு இறங்கும். சரியான பதில் ‘இல்லை’. 4 மதிப்பெண் போனதோடு நெகட்டிவ் வேறு.

தன்னொட்டுறவு (ஒரு தொடர் தன் முந்தைய மதிப்புகளோடு கொள்ளும் இந்த ஒட்டுறவு) படிக்கும்போது வரும் யூல்-வாக்கர் சமன்பாடுகளின் வாக்கர், 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த அதே கில்பர்ட் வாக்கர். அது தெரிந்த பிறகுதான் இந்தப் பாடமே எனக்குப் பிடிபட்டது. ஆள் தெரிந்தால்தான் எனக்குக் கணக்கு ஏறும். கனிமப் பட்டியலை மனப்பாடம் செய்ய முடிகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மற்றவை, அவசரமாக:

- நூறாண்டு வெள்ளம் (எந்த வருடத்திலும் வர 1 சதவீத வாய்ப்புள்ளது) 30 வருடத்தில் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 30 சதவீதம் அல்ல. 0.99-இன் 30-ஆம் அடுக்கை 1-லிருந்து கழியுங்கள். சுமார் 26.
- குட்டன்பெர்க்-ரிக்டர் (நிலநடுக்கத்தின் அளவுக்கும் எண்ணிக்கைக்குமான விதி): அதிலுள்ள பி மதிப்பு 1 என்றால், அளவு ஒரு படி ஏறும்போது நிலநடுக்கங்களின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகும். மடக்கை அடிமானம் 10, மறக்காதீர்கள்.
- எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறுவது) என்றதும் வறட்சி என்று குறிக்காதீர்கள். 1997-இல் எல் நினோ பலமாக இருந்தும் இந்தியப் பருவமழை பொய்க்கவில்லை.

இந்த முறை ரஃப் ஷீட்டின் மூலையில் முதல் வேலையாக ‘எத்தனை பேர்?’ என்று எழுதிவைத்தேன். காலத்தொடர் கேள்வியும் வந்தது. ஒட்டுறவு பூஜ்யம் என்று அவர்களே கொடுத்திருந்தார்கள். நம்பாமல் மூன்று தடவை படித்துப் பார்த்ததில் நாலு நிமிடம் போனது.